காசில்லாத சுகம் ஆருக்கு வேணும்?

உங்கட வெள்ளவத்தை அளவுக்கு நோயாளிக்கு வசதியான ஊர் நான் வேறை எங்கையும் காணேல்லை, பிள்ளையள். காலி வீதியிலை ஒரு பக்கமா நடந்து பாருங்கோ. முதல்லை ரோல்சும் பெற்றிசும் விக்கிற கடை. அதுக்கு அங்காலை இனிப்புக் கடை. அதைத் தாண்டினால் பாமசி. பாமசிக்குப் பக்கத்திலை இரத்தம் குத்தி எடுக்கிற இடம். அதுக்கு மேல்மாடியிலை டொக்டரைச் சனல் பண்ணுற நிலையம். வருத்தம் தொடங்கிற இடத்திலையிருந்து வருத்தம் பாக்கிற இடத்துக்குப் போக றோட்டைக்கூடக் கடக்கத் தேவையில்லை. இப்பிடி யோசிச்சு ஊர் கட்டின ஆளுக்கு ஒரு சிலை வைக்க வேணும். நான் சாவகச்சேரிப் பக்கத்து ஆள். எங்கட பக்கத்திலை ஒரு நல்ல வருத்தம் தேடிக்கொள்ளுறதெண்டாலும் பஸ் ஏறிப் பட்டணம் போக வேணும்.

மகன் என்னைக் கூட்டிவந்து இஞ்சை நாலாம் மாடியிலை வைச்சிருக்கிறான். வாற போற சனத்துக்கு ஒரே கேள்விதான். "அப்பு, இந்த வயதிலையும் குளிசை இல்லாமல் இருக்கிறியளே, என்ன சாப்பிடுறனியள்?" முருங்கையிலை வறை எண்டு சொல்லிப் பாத்தன். முகம் சுருங்கினது. நேரத்துக்குப் படுக்கிறனான் எண்டன். கொட்டாவி விட்டவை. ஒருநாள் பகிடிக்கு, "சுவிசிலையிருந்து ஒரு தூள் வருது, கிலோ இருபதாயிரம் ரூபா" எண்டு சொல்லிவைச்சன். உடனை பேனை எடுத்தவை, போன் எடுத்தவை, "பேரைத் திருப்பிச் சொல்லுங்கோ அப்பு" எண்டவை. அண்டைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடிபட்டது. உங்களுக்குச் சுகம் வேண்டாம் எண்டில்லை. சும்மா கிடைக்கிற சுகம்தான் வேண்டாம்.

நடையை எடுங்கோ. கிழமைக்கு 150 நிமிசம் கொஞ்சம் வேகமா நடந்தால் காணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாளுக்கு அரை மணித்தியாலம், அதிலும் ரெண்டு நாள் லீவு. இதைவிட லேசான உத்தியோகம் எந்தக் கந்தோரிலை தருவினம்? ஆனால் வெள்ளவத்தை ஆக்கள் நடக்கிற முறை வேறை. பின்னேரம் மரைன் டிரைவிலை நடக்கிறதுக்குக் காரிலை வருவினம். கார் விட இடம் தேடித் தேடிச் சுத்துவினம். கார் நல்லா நடக்கும். பிறகு இறங்கி, புதுச் சப்பாத்தை ஒருக்கால் குனிஞ்சு பாத்து, கடற்காத்து வாங்கிக்கொண்டு, ரயில் போறதைப் பாத்துக்கொண்டு கொஞ்சத்தூரம் போவினம். அங்காலை ஒரு கடையிலை கொத்து ரொட்டி கொத்துற சத்தம் கேக்கும். சப்பாத்து தானாத் திரும்பும்.

மகன்ர கூட்டாளி ஒருத்தர் ஜிம்முக்கு வருசக் காசு கட்டி வைச்சிருக்கிறார். ஜிம் ரெண்டாம் மாடியிலை. லிப்ட் வருமட்டும் கீழை நிண்டு, லிப்டிலை மேலை போய், அங்கை படி ஏறுற மெசினிலை வேர்க்க விறுவிறுக்க ஏறிப்போட்டு, திரும்ப லிப்டிலை இறங்கிறார். பக்கத்திலை உண்மையான படிக்கட்டு ஒண்டு கவனிப்பாரில்லாமல் கிடக்குது. அதிலை ஒரு ஆளை நிப்பாட்டி ரிக்கற் கிழிச்சுக் காசு வாங்கினால் நாளைக்கே வரிசை நிக்கும்.

சாப்பிட்ட கையோடை கதிரையிலை சாயாமல் ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் மெல்லமா நடந்தால் இரத்தத்திலை ஏறுற சீனி குறையும். தசை வேலை செய்யேக்கை இன்சுலினின்ர கையைப் பாத்துக்கொண்டு நிக்காது, சீனியைத் தானே உறிஞ்சி எடுக்கும். இதை மகனுக்கு நேரா எடுத்துச் சொல்லியிருந்தால் "ஓமப்பா, ஓமப்பா" எண்டுபோட்டு ரீவியைப் போட்டிருப்பான். அதாலை எங்கட வீட்டிலை இராச்சாப்பாடு முடிஞ்ச உடனை ஏதாவது ஒரு சாமான் காணாமல் போகும். ஒருநாள் நெருப்புப்பெட்டி. ஒருநாள் கற்பூரம். அவன் முணுமுணுத்துக்கொண்டு காலி வீதி மட்டும் போய்த் திரும்புவான். அப்புவுக்கு மறதி வந்திட்டுது எண்டு மருமோளுக்குக் கவலை. மகனுக்குச் சீனி இறங்கியிருக்கு எண்டு டொக்டருக்குப் புழுகம். நெருப்புப்பெட்டியள் முழுக்க என்ர தலகணிக்குக் கீழை கிடக்கு. நீங்கள் போய்ச் சொல்லிப்போடாதையுங்கோ.

கட்டாயம் வந்தால் நீங்களும் நடப்பியள். 2022ஐ மறந்திட்டியளோ? பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. மார்ச் மாசக் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. பால்மாவுக்கும் மருந்துக்கும் சனம் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை நான் பகிடி பண்ண வரேல்லை. ஆனால் லிப்ட் நிண்டுபோன நேரம் இந்த வெள்ளவத்தையைப் பாத்திருக்க வேணும்! வீடு வாங்கின நாளையிலிருந்து மாடிப்படிக்கு என்ன நிறம் எண்டு தெரியாத பெரியமனிசர் எல்லாம் படியேறிச்சினம். சைக்கிளுக்குக் கிராக்கி வந்தது. நாடகம் பாக்க வழியில்லாமல் எட்டரைக்கே படுத்தவை. எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டினவை, திட்ட வேண்டியதுதான். திட்டித் திட்டி நடந்ததிலை கனபேருக்கு இடுப்பு இறங்கினது. பிறகு யூலையிலை பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தது, பெற்றோல் வந்தது, இடுப்பும் திரும்பி வந்திட்டுது.

நடக்கிறது எங்கட சனத்துக்குப் புதுசெண்டும் சொல்லேலாது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலையிருந்து பம்பலப்பிட்டிக்கு வரேக்கை சனம் பின்னாலை நடந்துதான் வந்தது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலை வெளிக்கிட்டு, கிழக்குக் கரையாலை கதிர்காமம் மட்டும் போற பாதயாத்திரை இண்டைக்கும் நடக்குது. ஒன்றரை மாசம் எடுக்கும். முருகனுக்காக நாட்டின்ர ஒரு அந்தத்திலையிருந்து மற்ற அந்தத்துக்கு நடக்கிற சனம், தன்ர முழங்காலுக்காக முடக்குமட்டும் நடக்காது.

கொட்டாஞ்சேனை ஆக்கள் சிரிக்காதையுங்கோ, உங்களிட்டைத்தான் வாறன். செவ்வாய்க்கிழமையிலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் நிரம்பும். அதிலை பாதி கூப்பிடுதூரத்திலையிருந்து ஓட்டோ பிடிச்சு வந்து, "அந்தோனியாரே, இந்தக் கால்நோவைத் தீரும்" எண்டு மெழுகுதிரி கொளுத்துது. அவர் காணாமல் போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர். உங்கட கால் காணாமல் போகேல்லையே, ஓட்டோவுக்குள்ளை மடிச்சு வைச்சபடி கிடக்கு. அங்காலை விவேகானந்த மேடு, விவேகானந்த சபை இருக்கிற இடம். அந்தச் சாமி 1897 தை மாசம் கொழும்பிலை வந்திறங்கி, அடுத்த மாசம் சென்னையிலை பேசேக்கை இளந்தாரியளுக்கு ஒரு கதை சொன்னவர். கீதை படிக்கிறதைவிடப் பந்தடிச்சால் சொர்க்கத்துக்குக் கிட்டப் போகலாமாம். நீங்கள் அவற்ற பேரை மேட்டுக்கு வைச்சியள். கீதையும் படிக்கிறேல்லை, பந்தும் அடிக்கிறேல்லை. அந்த மேட்டை ஏறவும் ஓட்டோ.

என்ர மச்சாள் ஒருத்தி கொட்டாஞ்சேனையிலை இருக்கிறா. போனால் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டா. ஒருநாள், "சீனி வேண்டாம் மச்சாள்" எண்டன். கரண்டி அந்தரத்திலை நிண்டது. உள்ளுக்கை இருந்த பெறாமக்கள் எல்லாம் வெளியிலை வந்திச்சினம்.

"ஐயோ அத்தான், எப்ப வந்தது?"

"வரேல்லை. வராமல் இருக்கத்தான்."

ஒருத்தரும் நம்பேல்லை. "பிள்ளையளுக்கும் மறைக்கிறார் பாவம்" எண்டு குசினிக்குள்ளை குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. வெளிக்கிடேக்கை ஒரு பாக்கிலை பாகற்காய் போட்டுத் தந்தா. நான் வெள்ளவத்தைக்கு வந்து சேருறதுக்குள்ளை லண்டனிலையிருந்து தங்கச்சி அழுதுகொண்டு கோல் எடுத்திட்டாள். எங்கட சனத்திலை சீனியைக் குறைக்கிறதுக்கு ஒரு அனுமதிப்பத்திரம் வேணும், அந்தப் பத்திரத்தின்ர பேர் சீனி வருத்தம். அது வந்த பிறகு சீனி போடாட்டில் கட்டுப்பாடான மனிசன். வரமுந்திப் போடாட்டில் நோயாளி, இல்லாட்டில் கஞ்சன்.

கணக்கைப் பாருங்கோ. ஒரு தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி, நாளுக்கு அஞ்சு தேத்தண்ணி. ஒரு தேக்கரண்டி நாலு கிராம் எண்டு வைச்சாலும் 60 கிராம். நாள் முழுக்கச் சேர்த்து 25 கிராமுக்குள்ளை நிண்டால் நல்லது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கேக்கும் பிஸ்கற்றும் இன்னும் கணக்கிலை வரேல்லை. இந்த நாட்டிலை வளந்த ஆக்கள் அஞ்சு பேரை நிரையா விட்டால் ஒருத்தருக்குச் சீனி வருத்தம். கொழும்பு நகரத்திலை அதைவிடக் கூட. மகனும் அதிலை ஒருத்தன். ஆனபடியால் வீட்டிலை நான் ஒரு களவு வேலை செய்தன். சீனிப் போத்தலுக்குள்ளை இருந்த கரண்டியை எடுத்துப்போட்டு, அதைவிடச் சின்னக் கரண்டி ஒண்டை வைச்சன். ஒருத்தரும் காணேல்லை. உங்களுக்குக் களவு பிடிக்காட்டில் நேர்வழியும் இருக்கு. கிழமைக்குக் கால் கரண்டி குறையுங்கோ. மூண்டு கரண்டிக்காரர் மூண்டு மாசத்திலை சீனியில்லாத தேத்தண்ணிக்கு வந்திடுவார். நாக்கு மறந்துபோகிற சாதி, அதுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சோடாப் போத்தலை எடுத்தால், 2016 ஆகஸ்ற்றிலையிருந்து அதிலை நிறம் போட வேணும் எண்டு சட்டம். 100 மில்லிலீற்றரிலை 11 கிராமுக்கு மேலை சீனி எண்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழை எண்டால் பச்சை, நடுவிலை நிண்டால் மஞ்சள். காலி வீதியிலை உண்மையான சிவப்பு லைற்றுக்கே நிக்காத பஸ் ஓடுற ஊரிலை, போத்தலிலை சிவப்பு வட்டம் போட்டால் ஆர் நிக்கப்போகினம்? என்ர பேரன் கெட்டிக்காரன். மஞ்சள் வட்டத்தைக் காட்டி, "இது பாதிப் பச்சை, அப்பு" எண்டுறான். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் எண்டாலும் மஞ்சள்தான், மோனை. ஆனால் நீ குடிக்கிறது 400 மில்லிலீற்றர்ப் போத்தல். அதுக்குள்ளை 40 கிராம் கிடக்கு. பத்துக் கரண்டி சீனி போட்டு உன்ர கொம்மா தேத்தண்ணி தந்தால் குடிப்பியோ எண்டு கேட்டன். "குளிரா இருந்தால் குடிப்பன்" எண்டான். இவனுக்கு நான் வேறை வழி பாக்க வேணும்.

சோத்துக்கு வருவம். இந்த நாட்டிலை ஆளுக்கு வருசம் 100 கிலோவுக்கு மேலை அரிசி முடியுது. கோப்பையிலை சோறு ஆனையிறவு உப்புக் குவியல் மாதிரி எழும்பி நிக்கும். அதுக்குத் துணையா உருளைக்கிழங்குக் கறி. மரக்கறி சாட்டுக்கு ஓரத்திலை. அரைக் கோப்பை மரக்கறியும் இலையும், கால் கோப்பை சோறு, மற்றக் கால் மீன் அல்லது பருப்பு எண்டு வைக்கச் சொல்லுகினம் படிச்ச ஆக்கள். அது சரி, ஆனால் எங்கட ஆக்களிட்டைச் சோத்தைக் குறை எண்டு சொன்னால் சொத்தைக் குறை எண்டு சொன்ன மாதிரிக் கோவம் வரும். சண்டைக்குப் போகாதையுங்கோ. முதல் வறையை மேசையிலை வையுங்கோ. முசுட்டை, வல்லாரை, பொன்னாங்காணி, எது கிடைச்சாலும். சோத்துப்பானை பத்து நிமிசம் பிந்தி வரட்டும். பசியிலை கை சும்மா இருக்காது. சோறு வரேக்கை பாதி வயிறு போயிருக்கும்.

எங்கட வேலியிலை முருங்கை ஒடிஞ்சு விழும். ஆடு தின்னும், மிச்சத்தை நாங்கள் தின்னுவம். வெள்ளவத்தைச் சந்தையிலை அது பிடி பிடியாக் கட்டி விலைக்கு இருக்கு, ஆய நேரமில்லை எண்டு விட்டுப்போட்டுப் போறியள். அதே இலையை வெளிநாட்டிலை காயவைச்சுத் தூளாக்கி, மொரிங்கா எண்டு லேபல் ஒட்டிப் போத்தலிலை விக்கினம். மருமோளின்ர தமக்கை அங்கையிருந்து ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறா. சாமி அறைக்குப் பக்கத்து அலுமாரியிலை பூட்டி வைச்சிருக்கு. மீன் கதையும் இதுதான். சூடையையும் சாளையையும் "முள்ளு" எண்டு ஒதுக்கிப்போட்டு, ஒமேகா எண்டு மீனெண்ணெய்க் குளிசை வாங்கி முழுங்குறியள். முள்ளெடுத்துச் சாப்பிட நேரம் எடுக்கும். ஆறுதலாச் சாப்பிடுறவன் குறையச் சாப்பிடுவான். குளிசையிலை அந்த வேலை நடக்காது.

உப்பு வேறை. நாளுக்கு 5 கிராமுக்குள்ளை, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம், கறியிலை போட்டது பாணுக்குள்ளை கிடக்கிறது எல்லாம் சேர்த்து. நாங்கள் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எண்டு நாலு வாசலாலை உப்பை உள்ளுக்கு விட்டுப்போட்டு, பிறசர் எங்காலை வந்தது எண்டு வாசல்லை நிண்டு பாக்கிறம். இப்ப கொஞ்சப்பேர் இமயமலை உப்பெண்டு இளஞ்சிவப்பிலை ஒண்டு வாங்கினம். விலையைக் கேட்டாலே பிறசர் ஏறும். உப்பு உப்புத்தான் பிள்ளையள். ஆனையிறவு எண்டாலும் இமயம் எண்டாலும் இரத்தக்குழாய்க்கு ஊர் பேர் தெரியாது. போதாக்குறைக்கு, 1995இலையிருந்து இஞ்சத்தை உப்புக்கு அயடீன் சேர்க்கினம், கழலை வராமல் இருக்க. அந்த மலை உப்பிலை அது போதிய அளவு இல்லை. காசு கூடக் குடுத்து அயடீனைக் குறைச்சு வாங்கிறது வெள்ளவத்தைக் கெட்டித்தனம்.

ஆம்பிளையளுக்குத் தனிய ஒரு கதை. சாரம் எண்ட உடுப்பு எங்களைக் கெடுத்துப்போட்டுது. காற்சட்டை எண்டால் பொத்தான் பூட்டாது, அரைப்பட்டி ஓட்டை காணாது, அது ஒரு நேர்மையான சாமான். சாரம் பொய் சொல்லும். வயிறு எவ்வளவு வளந்தாலும் "வா ராசா" எண்டு விட்டுக் குடுத்துக் கட்டவிடும். எங்கட தெற்காசிய உடம்புக்கு ஆம்பிளைக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80, அதுக்கு மேலை போனால் சீனியும் நெஞ்சு வருத்தமும் கிட்ட வருது எண்டு அர்த்தம். வெள்ளைக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் கூட விட்டிருக்கினம், எங்களுக்கு இல்லை. தையல்காரரின்ர நாடா ஒண்டு வாங்கி வையுங்கோ. தராசை ஏமாத்தலாம், சப்பாத்தைக் கழட்டி, மூச்சைப் பிடிச்சு, ஒரு காலைத் தூக்கி. நாடாவிட்டை அது வாய்க்காது.

நித்திரை எண்டு ஒண்டு இருந்தது, ஞாபகம் இருக்கோ? வளந்த ஆளுக்கு ஏழு மணித்தியாலம் வேணும். ஆனால் வெள்ளவத்தையிலை கனக்க வீடுகள் இலங்கை நேரத்திலை இல்லை, ரொறன்ரோ நேரத்திலை ஓடுது. கனடாவுக்கும் எங்களுக்கும் கோடையிலை ஒன்பதரை மணித்தியாலம், அங்கை குளிர் தொடங்கினால் பத்தரை. அங்கத்தைச் சித்தி மத்தியானம் சமைச்சுப்போட்டு ஆறுதலாக் கதைக்க வரேக்கை இஞ்சை பத்து, பதினொண்டு. அவ கறிக்குப் போட்ட சாமான் முழுக்கச் சொல்லி முடியப் பன்னிரண்டு. பிறகு கட்டிலிலை கிடந்து, ஆற்றையோ கலியாண வீட்டுப் படத்தைத் தட்டித் தட்டி ஒரு மணி. விடிய ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வான் கோன் அடிக்கும். அடுத்தநாள் நித்திரைக் குறையோடை இருக்கிறவனுக்குச் சீனியும் எண்ணெயும் கூடத்தான் கேக்கும், அது உடம்பின்ர குணம். என்ர வழி சொல்லுறன். இரவு ஒன்பதரைக்கு வை-பை பெட்டியின்ர வயர் கழண்டுபோகும். "பழைய கட்டடம், சுவர்ப்பிளக் சரியில்லை" எண்டு மகன் சொல்லுறான். நான் ஓமெண்டு தலையாட்டுறன்.

வெத்திலை, சீவல் பற்றிச் சுருக்கமாச் சொல்லிப்போட்டுப் போறன். இந்த நாட்டு ஆம்பிளையளுக்குக் கூட வாற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை இல்லாட்டிலும் பாக்கு ஒண்டே காணும். பண்பாடு எண்டு கதைக்கிறவைக்கு ஒரு சொல்லு: பண்பாடு தட்டத்திலை இருக்கட்டும், கொடுப்புக்குள்ளை அடக்க வேண்டாம்.

இனி நுளம்பு. இதிலை எனக்குப் பகிடி குறைவு. 2017இலை இந்த நாட்டிலை 1,86,101 பேருக்கு டெங்கு, நானூறுக்கு மேலை செத்தவை. கன வருசத்திலை கொழும்பு முன்னுக்கு நிக்கும். எங்கட மாடியிலை ஒரு அம்மா தண்ணிக்கு மூண்டு தட்டு வடி வைச்சிருக்கிறா, காத்துக்கு மெசின் வைச்சிருக்கிறா. பல்கனியிலை மணிபிளான்ற் வளர்க்கிறா. அந்தச் சாடிக்குக் கீழ்த் தட்டிலை ஒரு கிழமைத் தண்ணி. குனிஞ்சு பாத்தன், கமா குறி அளவிலை கூத்தன்புழு நெளிஞ்சு நெளிஞ்சு மேலை வந்து மூச்செடுத்துப்போட்டுக் கீழை போகுது. முட்டை நுளம்பாக ஏழு தொடக்கம் பத்து நாள். அதாலை கிழமைக்கு ஒருக்கால் ஊத்திவிட வேணும், ஆனால் ஊத்தினால் மட்டும் போதாது, தட்டின்ர விளிம்பைத் தேய்ச்சுக் கழுவ வேணும். முட்டை விளிம்பிலை ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கிலை காய்ஞ்சு கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டால் உயிர் வரும். பிரிஜ்ஜுக்குப் பின்தட்டு, ஏசித் தண்ணி விழுற வாளி, மொட்டைமாடிப் பீலி, எல்லாத்தையும் ஒருக்கால் பாருங்கோ. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், புறூபன் தொடாதையுங்கோ, இரத்தக் கசிவைக் கூட்டும். இலைச்சாறு குடிச்சுக் காலம் கடத்தாமல் டொக்டரிட்டைப் போங்கோ, மூண்டாம் நாள் தாண்டாமல் இரத்தம் சோதியுங்கோ. காய்ச்சல் விடுற நேரம்தான் டெங்கு ஆளை விழுத்திற நேரம்.

ஊரிலை வேலிக்கு மேலாலை கதைச்சால் ஊர்த்துளவாரம் எண்டு திட்டு வாங்குவம். இஞ்சை என்ர பக்கத்து வீட்டுக் கதவை நான் நம்பரால்தான் அறிவன். லிப்டுக்குள்ளை எல்லாரும் மேலை ஓடுற இலக்கத்தைப் பாத்துக்கொண்டு நிப்பினம். தனிமை புகைத்தல் அளவுக்குக் கேடு எண்டு இப்ப கதைக்கினம். 2023இலை உலக சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்பு எண்டு ஒரு ஆணைக்குழுவே வைச்சது. நாங்கள் வேலியிலை நிண்டு பார்த்த வேலைக்கு ஆணைக்குழு! நான் இப்ப பின்னேரத்திலை ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய்க் கீழை வாச்சர் பக்கத்திலை போட்டு இருக்கிறனான். அவர் சிங்களம், எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்க அது காணும். இப்ப நாலு கதிரை சேர்ந்திருக்கு. கட்டடச் சங்கச் செயலாளர் வந்து, பார்க்கிங் இடம் எண்டு சொல்லிப் பாத்தார். அவற்ற தாயும் ஒரு கதிரையோடை வந்த பிறகு பேசாமல் போட்டார்.

குளிசை எடுக்கிறவை குளிசையை விட்டிடாதையுங்கோ. அப்பு சொன்னவர் எண்டு நிப்பாட்டிப்போட்டு விழுந்தால், என்னைத்தான் பொலிசிலை குடுப்பியள். குளிசை தன்ர வேலையைச் செய்யட்டும், மிச்சத்தை நீங்கள் செய்யுங்கோ.

கடைசியா ஒரு இடம் சொல்லுறன். 1926இலையே களுத்துறையிலை சுகாதாரப் பிரிவைத் தொடங்கின நாடு இது, வீடு தேடி மருத்துவிச்சியை அனுப்பின நாடு. அதே வழியிலை, 2011இலையிருந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் எண்டு அரசாங்க ஆஸ்பத்திரியளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையளிலும் நடத்தினம். வருத்தம் இல்லாத ஆக்களுக்குத்தான். 35 வயது தாண்டினவை போகலாம். நிறை, உயரம், இடுப்பு, பிறசர், சீனி எல்லாம் பாத்துப் புத்தி சொல்லி விடுவினம். அங்கை போற கொஞ்சப்பேரிலையும் கூடப் பொம்பிளையள்தான். ஆம்பிளையள் ஆயிரக்கணக்கிலை குடுத்து முழு உடம்புச் சோதனைப் பொதி வாங்கக் காலி வீதியிலை நிக்கினம், அதுவும் நெஞ்சிலை ஒருக்கால் குத்தின பிறகு. வாற கிழமை ஒரு விடியப்புறம் வெறுவயித்தோடை போய் வாங்கோ. காசு வாங்கமாட்டினம். அதுக்காகக் கோவிச்சுக்கொண்டு திரும்பி வந்திடாதையுங்கோ.